மூன்றாவது கை

வெல்டிங் மெஷினோடு நான் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த முகமூடி, கையில் பிடித்துக்கொள்ளும் ரகம். பம்புசெட்டின் உடைந்த இரும்புக்காலைப் பற்றவைக்க உட்கார்ந்த பிறகுதான், ஒரு கை வெல்டிங் குச்சிக்கும் மறு கை இரும்புக்கும் போய்விட்டால் முகமூடியைப் பிடிக்கக் கையில்லை என்பது எனக்கு விளங்கியது. நெற்பயிரோ தண்ணீரில்லாமல் வாடிக்கொண்டிருந்தது.

அதை வாங்கிய காஞ்சிபுரம் கடைக்கே எடுத்துக்கொண்டு போனேன்; கடைக்காரர் மாற்றித்தர மறுத்தார். அங்கே மாகறல் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், தலையில் மாட்டும் முகமூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெடிய உருவம். எதையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார் போலிருக்கிறது. என் கதையைக் கேட்டதும் கடைக்காரர்மேல் பாய்ந்தார்.

"இன்னாய்யா, இவருக்கு மூணு கையா கீது? இருந்தா உன் கடைக்கு ஏன் வராரு? கோயில்ல சாமியா நின்னு கற்பூரம் வாங்கிக்கினு இருக்கமாட்டாரா?"

கடையே சிரித்தது. நான் வெட்கத்தில் என் முகமூடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சற்று நேரத்தில் அதன்மேல் டொக் டொக் என்று தட்டல்.

"சண்ட முடிஞ்சிபோச்சி, வெளிய வா நைனா. மாத்திக் குடுத்துட்டாரு!"

மறுநாளே பம்பு தண்ணீரைக் கக்கியது. வாய்க்கால் கரையில் ராஜா மாதிரி நின்று, பெயர்கூடக் கேட்காமல் விட்ட அந்த அம்மாளின் வீரத்தை, அவர் என் முகமூடியைத் தட்டிக் கூப்பிட்டதுவரை, மனைவியிடம் விவரித்தேன்.

"சண்ட முடியறவரைக்கும் நீங்க அந்த முகமூடிக்குப் பின்னாலதான் இருந்தீங்களா? அப்போ அத ஏன் திருப்பிக் குடுத்தீங்க? உங்களுக்கு அதுதானே தோதா இருந்துச்சி" என்றாள்.