மஞ்சக் கடுதாசிக்கு அப்புறம் ஒரு கூடை மீன்

நான் ஸ்டெல்லா. பாகூர் பக்கம் கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செஞ்சவ. பாத்திரம், வேன் எல்லாத்தையும் என் வீட்டுக்காரர் அந்தோணி பாத்துக்கிட்டார். வேனும் லோன், பாத்திரமும் லோன். கொரோனா வந்த வருஷம் கல்யாணமெல்லாம் நின்னுபோச்சு. வாங்கின அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டாங்க. தவணை கட்ட வட்டிக்கு வாங்கினோம். அந்த வட்டியைக் கட்ட இன்னொரு இடத்துல வாங்கினோம். வேனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. கடைசியில வக்கீல் சொன்னபடி கோர்ட்ல திவால் மனு போட்டோம். ஊர்ல அதுக்கு மஞ்சக் கடுதாசின்னு பேரு.

கடன்காரங்க சத்தம் அடங்குச்சு. ஆனா எங்க பேரும் அதோட போச்சு. மளிகைக் கடையில அரைக் கிலோ பருப்புக்குக்கூட முதல்ல காசை வைன்னாங்க. கோர்ட் எங்களைக் கடன்லேர்ந்து விடுவிச்ச பிறகும் பாங்க்ல, "கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் கீழ இருக்கும்மா, எதுவும் முடியாது"ன்னுட்டாங்க. பூசை முடியறதுக்கு முன்னாடியே கோயிலை விட்டு வந்துடுவேன். யார் முகத்தையும் பாக்க முடியல. செத்துடலாம்னுகூட நெனச்சேன். அதை மறைக்க மாட்டேன்.

தவக்காலத்துல ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் முட்டி போட்டேன். "ஆண்டவரே, பணம் கேக்கல. என் வார்த்தையை நம்ப ஒரே ஒரு ஆளைக் காட்டும்"னு அழுதேன். அப்ப மனசுல வந்த முகம் நல்லவாடு மீனவர் குப்பத்துத் தனலட்சுமி அக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என் கல்யாண ஆர்டருக்கெல்லாம் மீன் குடுத்தவங்க அவங்க. கோர்ட் லிஸ்ட்ல அவங்க பாக்கியையும் எழுதியிருந்தோம். அவங்க வூட்டுக்கும் நோட்டீஸ் போயிருந்துச்சு. "வேற யாரையாவது காட்டும்"னு கேட்டேன். வேற யாரும் வரல.

மறுநாள் காலைல நல்லவாடு கடற்கரைக்குப் போனேன். படகுலேர்ந்து மீன் இறக்கிட்டிருந்தாங்க. அக்கா என்னைப் பாத்ததும் ஏலத்தை விட்டுட்டு வந்தாங்க.

"கோர்ட்டு காயிதம் அனுப்புற அளவுக்கு நான் இன்னாடி பண்ணேன் உனக்கு? நேரா வந்து கையில இல்லக்கான்னு சொல்லியிருந்தா, உன்னைக் கடிச்சா தின்னுடப்போறேன்?"

"தப்புதாங்க்கா. மூஞ்சியக் காட்ட பயந்துட்டேன்."

அக்கா சங்கரா மீன் கூடை ஒண்ணை என் பக்கம் தள்ளினாங்க.

"கொண்டும்போய் ஆக்கி வித்துட்டு சாயங்காலம் காசோட வா. வரலன்னா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத."

திவாலுக்கு அப்புறம் எனக்கு முதல்ல கடன் குடுத்தது, நான் யாருக்குக் கடன் வச்சு ஓடினேனோ அந்த அக்கா!

அன்னைக்கு மீன் குழம்பும் சோறும் பொட்டலம் கட்டி, அரியாங்குப்பம் ரோட்டோரத்துல ஸ்கூட்டியில வச்சு வித்தோம். ரெண்டு மணிக்குள்ள காலி. சாயங்காலம் காசோட போய் நின்னேன். அடுத்த நாளும் கூடை, அடுத்த நாளும் காசு. சட்டப்படி தர வேண்டியதில்லைன்னாலும் பழைய பாக்கியை வாரம் கொஞ்சமா குடுத்தேன். கடைசித் தவணையை அக்கா எண்ணிக்கூடப் பாக்கல, அப்படியே முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.

அப்புறம் பாங்க்குக்குத் திரும்பப் போனேன். புதுசா வந்த மேனேஜர் மேடம், ஸ்கோரை எப்படி ஏத்துறதுன்னு பொறுமையா சொல்லிக் குடுத்தாங்க. சின்னதா ஒரு டெபாசிட் போட்டு, அது மேல கிரெடிட் கார்டு வாங்கினோம். அதுல கேஸ் சிலிண்டர் மட்டும் வாங்கி, கெடுவுக்கு முன்னாடியே கட்டிடுவோம். எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட அந்தோணிகிட்ட நான் கேட்ட முதல் வார்த்தை, "கார்டைக் கட்டிட்டீங்களா?"

இப்படியே மூணு வருஷம். அப்புறம் லோடு ஆட்டோ வாங்க லோன் கேட்டு எழுதிக் குடுத்தோம். போன மாசம் மேடம் போன் பண்ணாங்க. "ஸ்டெல்லா, உங்க வண்டி லோன் சேங்ஷன் ஆயிடுச்சு."

அடுப்படியிலேயே உக்காந்து ஓன்னு அழுதேன். கெட்ட சேதின்னு நெனச்சு அந்தோணி ஓடி வந்தார். சொன்னதும் அவரும் அழுதார்.

லோடு ஆட்டோ வந்தாச்சு. ஆவணிக்கு மூணு கல்யாண ஆர்டர் இருக்கு. ஆண்டவருக்கு நன்றி சொல்லி எனக்கு மாளல. நான் பயந்து ஓடின ஆளோட மனசையே எனக்காகத் தயார் பண்ணி வச்சிருந்தார்.

கடன்ல முங்கி, கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கிற அண்ணன், அக்கா யாராவது இந்த ஜெபக் கூட்டத்துல இருந்தா, உங்களுக்குத்தான் சொல்றேன். செத்துடாதீங்க. அவர்கிட்ட கேளுங்க. அவர் எந்த வாசலைக் காட்டுறாரோ அங்க போய் நில்லுங்க. வெக்கமா இருந்தாலும் நில்லுங்க. நான் போய் நின்னேன். இதோ, இன்னைக்கு உங்க முன்னாடி தலை நிமிர்ந்து நிக்கிறேன்.