அசாம் மிளகாயும் மாமாவின் தலையும்

சிறு வயதில், காரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஓர் எண்ணம். மிளகும் சுக்கும் போட்ட கோயில் இட்லியைத் தண்ணீர் தொடாமல் தின்றுவிடுவேன், தகுதி அவ்வளவுதான். அந்த எண்ணத்துக்கு வேட்டு வைத்தவர் என் மாமா.

அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. லாரி ஓட்டுபவர். ஒருமுறை அசாமிலிருந்து திரும்பும்போது தீப்பெட்டிக்குள் மிளகாய் விதை கொண்டுவந்தார். செவிலிமேட்டில் எங்கள் மொட்டைமாடியில், பழைய பெயின்ட் டப்பாவில் மண் நிரப்பி ஊன்றினார். வண்டி இல்லாத நாளில் பாதி நேரம் செடியோடு, மீதி நேரம் தன் தலைமுடியோடு. தோளைத் தொடும் சுருள் முடி. செடி காய்த்த சமயம், அடுத்த வெள்ளிக்கிழமை முசரவாக்கத்தில் பெண் பார்க்கப் போவதாக இருந்ததால், அந்த வாரம் முடிக்குத்தான் கவனிப்பு அதிகம்.

மிளகாய் பழுத்தது. காய்ச்சலில் விழுந்து எழுந்தது போலச் சுருங்கியிருந்தது. நிறம் மட்டும் நல்ல அரக்கு.

“தொட்டுடாதே. இத்த முழுசா துன்ன ஆளு இந்த ஊருலயே இல்ல” என்றார் மாமா. எச்சரிக்கையாம். என் காதில் அது பந்தயமாகத்தான் விழுந்தது.

மத்தியானம் அவர் கண்ணாடி முன் நின்ற சமயம் பார்த்து ஒன்றைப் பறித்து மென்றேன். முதலில் ஒன்றுமில்லை. பூ, இவ்வளவுதானா என்று சிரித்தேன். அப்புறம் நாக்கு இருக்கும் இடமே தெரியவில்லை. காது அடைத்தது. கண்ணீரைத் துடைக்க அதே கையால் கண்ணைத் தேய்த்தேன், கண்ணும் போயிற்று. படிக்கட்டில் பாதி நடந்தும் பாதி உருண்டும் கீழே வந்து, சாகப்போகிறேன் என்று முடிவு கட்டினேன்.

இப்படிப்பட்ட நேரத்தில் வேண்டிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அப்பாவுக்குக் காமாலை வந்தபோது அம்மா வேண்டிக்கொண்டாள், எனக்கு மொட்டை. அக்கா பாஸாக வேண்டும் என்றும் அம்மாதான் வேண்டினாள். மறுபடியும் எனக்கே மொட்டை. வேண்டுகிறவர் ஒருவர், தலை இன்னொருவருடையது, அதுதான் முறை என்று நான் தெரிந்துவைத்திருந்தேன். ஆகவே தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்:

“திருத்தணி முருகா! காப்பாத்துப்பா! மாமாவுக்கு மொட்டை போடறேன்!”

அம்மா கையில் கிடைத்த தயிரையெல்லாம் என் வாயில் அப்பினாள். எனக்கு மூச்சு இழுத்தது. மாமா என்னை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூட இல்லாமல், தெருமுனை டாக்டரிடம் ஓடினார். அவர் உதடு எதையோ முணுமுணுத்தபடியே இருந்தது. அவரும் ஒன்றைத் தின்றுவிட்டார் போலிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

டாக்டர் என் மூச்சைப் பார்த்தார், கண்ணைக் கழுவினார், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். சாகத் தயாராக வந்தவனுக்கு இது பெரிய அவமானம். இருந்தாலும் இரண்டு தின்றேன்.

சாயங்காலம் தெருவே சிரித்தது. “இன்னாபா மாப்ள, முடி முருகனுக்கா, முசரவாக்கத்துக்கா?” என்று எதிர்வீட்டுத் தறிக்காரர் மாமாவைச் சீண்டினார்.

“புள்ள ஒளறனதுடா. உண்டியல்ல காசு போட்டா ஆச்சு. முடிய மட்டும் எடுத்துடாதடா” என்று அம்மா கெஞ்சினாள்.

மறுநாள் மாமா திருத்தணிக்குப் போய், வழித்த தலையில் சந்தனத்தோடு வந்து நின்றார். அம்மா தலையிலடித்துக்கொண்டாள்.

“இவன் வேண்டுனதுக்கு நீ ஏண்டா போன?”

“அதுக்கு இல்லக்கா. இவனத் தூக்கிக்கினு ஓடும்போது நானும் வேண்டிக்கினேன்.”

அம்மா அவர் தலையில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

மாமா என்னதான் வேண்டியிருப்பார் என்று நான் யோசித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைப் பெண் அழகாக இருக்க வேண்டும் என்றுதான் இருக்கும். நான் செத்துக்கொண்டிருக்கும்போதுகூடத் தன் காரியத்தில் எவ்வளவு கண்ணாக இருந்திருக்கிறார் என்று எனக்கு ஒரே கோபம். இரண்டு நாள் அவரோடு பேசவே இல்லை.