சுஜூதில் மாட்டிக்கொண்ட பாண்காரன்

என் இடுப்புச் சாரம் நடுத்தெருவில் அவிழ்ந்து விழுந்த கதையிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். வேறு எங்கிருந்து தொடங்கினாலும், ஏறாவூரில் யாராவது ஒருவர் "அந்தச் சாரக் கதைய ஏன் விட்டுட்டாய்?" என்று கேட்கத்தான் போகிறார்.

நான் பாண் விற்பவன், பேக்கரி ரொட்டிதான். பின்னால் கண்ணாடிப் பெட்டி பொருத்திய ஓட்டோவில், பாட்டைப் போட்டுக்கொண்டு, விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு தெருத்தெருவாகப் போவேன். ஊரில் என் பெயர் பாண் றஹீம். அன்றைக்கு வாவிக்கரையில் ஒரு குறுகிய ஒழுங்கையில் ஏழெட்டுப் பெண்கள் வாசலில் நின்றார்கள். இரண்டு கையிலும் பாணைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். நான் திரும்பினேன், சாரம் திரும்பவில்லை. நல்ல காலம், உள்ளே காற்சட்டை போட்டிருந்தேன். அல்லாஹ்வின் ரஹ்மத்தை, அவன் கருணையை, நான் கண்ணால் கண்டது அன்றுதான்.

"புதுச் சாரம், வழுக்குது" என்று சொல்லிச் சமாளித்தேன். பச்சைப் பொய். அந்தச் சாரத்துக்கு என் கடைசி மகளின் வயது. அதை இறுக்கிச் செருகும் பலம் என் விரல்களில் இல்லாமல் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. இதை யாரிடமும் சொல்லாமல் மறைத்ததுதான் என் முட்டாள்தனம்.

காலையில் கண் விழித்தால் கைகள் இரண்டும் இரவல் வாங்கியவை போலக் கிடக்கும். விரல் கணுக்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருக்கும். முழங்கால் மடியாது, மடிந்தால் நிமிராது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். ஆனால் பாண்காரனுக்கு வெயில் ஏறிய பிறகு என்ன வேலை? ஊர் சாப்பிட்டு முடிந்திருக்கும். ஓட்டோவின் கிளச்சைப் பிடிக்க இடக்கை மறுத்தது. எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். அது என் விரல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாரம் விழுந்த மறுநாள் என்ன செய்தேன் தெரியுமா? டொக்டரிடம் போகவில்லை. அகலமான இடுப்புப் பெல்ட் ஒன்று வாங்கினேன். அதைப் பூட்ட மனைவி நசீமா வேண்டும், கழற்றவும் நசீமா வேண்டும். தெருவில் இருக்கும்போது அவசரம் வந்தால் என்ன நடக்கும் என்பதைப் பெரியவர்கள் வாசிக்கும் இடத்தில் எழுத முடியாது.

ஊரெல்லாம் வைத்தியர்கள். ஒருவர் கருஞ்சீரகம் என்றார். ஒருவர் தவிட்டு ஒத்தடம் என்றார். ஒருவர் என் தலையைப் பார்த்துவிட்டு, "இது கண்ணூறுகா, ஆரோ கண் வெச்சிருக்காங்க" என்றார். என்னைப் பார்த்து யாருக்குக் கண்ணூறு வரும் என்று நான் கேட்கவில்லை. சொன்னதையெல்லாம் செய்தேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஒரே துஆ: யா அல்லாஹ், இந்தக் கையையும் காலையும் எனக்குத் திருப்பித் தா. கேட்டுக் கேட்டு அழுதேன். பகலில் சனத்தைச் சிரிக்க வைக்கிறவன் தலையணையை நனைப்பது யாருக்கும் தெரியாது. நசீமாவுக்கு மட்டும் தெரியும். தலையணை உறை கழுவுகிறவள் அவள்தானே.

அவள்தான் என்னை மட்டக்களப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். கிளினிக்கில் இருந்த டொக்டர் அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"இது முடக்குவாதம். உங்கட உடம்பில ஒரு காவல் இருக்கு, கிருமி வந்தா அடிக்கிறதுக்கு. அது இப்ப ஆள் மாறி உங்கட மூட்டையே அடிக்குது."

"வீட்டுக்காரனையே கடிக்கிற நாய் மாதிரியா டொக்டர்?"

"ஓம், அப்பிடித்தான். நாயக் கொல்ல ஏலாது, கட்டி வைக்கலாம். இந்தக் குளிசை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும். நாள் மாறக் கூடாது. உடன சுகம் வராது, பொறுக்கோணும். கிளினிக்குக்கு வந்து இரத்தமும் சோதிக்கோணும். விளங்கினதா?"

விளங்கியது. வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை என்றதும் வெள்ளிக்கிழமையைப் பிடித்துக்கொண்டேன். ஜும்ஆவை மறக்கிற முஸ்லிம் இல்லை, குளிசையும் மறக்காது.

சில மாதம் போனது. ஒரு நாள் காலையில் எழுந்து, யோசிக்காமல் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன். நசீமா என்னையும் பார்த்தாள், சாரத்தையும் பார்த்தாள். தேயிலைச் சாயத்தைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒரு புத்தியுள்ள மனிதன் இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் இது என் கதை.

என் துஆ கபூலாகிவிட்டது, அல்லாஹ் சுகம் தந்துவிட்டான், இனியும் குளிசை விழுங்குவது அவன் மேல் நம்பிக்கை இல்லாத வேலை. இந்தப் பெரிய மார்க்கத் தீர்ப்பை எனக்கு நானே கொடுத்தேன். ஓதிப் படித்த ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேறு மாதிரிச் சொல்லிவிடுவாரே! குளிசையைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, "நான் சுகம்" என்று தெருத்தெருவாகப் பாணோடு சேர்த்து விற்றேன்.

நாய் சங்கிலியைக் கடித்துக்கொண்டுதான் இருந்தது. மாரி மழை தொடங்கிய நாட்களில் அறுத்துக்கொண்டு வந்தது.

அன்று பேக்கரியில் பாண் ஏற்றிக்கொண்டு, ஓட்டோவைப் பள்ளிவாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, சுபஹ் தொழுகைக்குப் பிந்திப் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். நின்றபடி கேட்கிற குனூத் துஆ முடிவதற்குள் முழங்கால்கள் இறுகத் தொடங்கின. பல்லைக் கடித்துக்கொண்டு சுஜூதுக்குப் போனேன். நெற்றி தரையில் பட்டது. இமாம் தக்பீர் சொன்னார். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் எழவில்லை.

எழ ஏலவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது. ஊன்றிய கை மணிக்கட்டில் தீ வைத்தது போல எரிந்தது. இமாம் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தார். சனங்கள் கலையத் தொடங்கினார்கள். கூப்பிட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை. சாரத்தையே விட்டவனுக்கு வெட்கம் எங்கிருந்து வந்ததோ!

பிந்தி வந்தவன், விட்ட ரக்அத்தைத் தொழுகிறான், சுஜூதில் உருகிக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று பூனை மாதிரி நடந்து வெளியேறினார்கள். யாரோ மின்விசிறியைக்கூடச் சத்தமில்லாமல் நிறுத்தினார். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

வெறும் பள்ளிவாசல். நானும் தரைவிரிப்பும். வாழ்க்கையில் அத்தனை ஆயிரம் சுஜூது செய்திருக்கிறேன். பாதியில் பேக்கரிக் கணக்கு ஓடும். அன்றைக்கு ஒரு கணக்கும் ஓடவில்லை. யா அல்லாஹ், கையும் வேண்டாம், காலும் வேண்டாம், என்னை எழுப்ப ஒரு ஆளை அனுப்பு. அவ்வளவுதான் கேட்டேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"டேய் றஹீம்! என்னடா, பாண் ஓட்டோக்குள்ள அடைகாக்குதா? அங்க தேத்தண்ணி ஆறுது!"

இஸ்மாயில் காக்கா. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தினமும் என்னிடம் பாண் வாங்குவார், தினமும் பாண் சிறுத்துவிட்டது என்று ஏசுவார். சற்று முன் என்னைக் கடந்து வீட்டுக்குப் போனவர்களில் அவரும் ஒருவர்.

"காக்கா... என்னத் தூக்குங்க."

"என்ன?"

"எழும்ப ஏலா காக்கா. கால் பூட்டிட்டு."

"எவ்வளவு நேரமாடா?"

"இமாம் சலாம் குடுக்க முந்தியே."

"அடப் பாவி! நான் ஒன்ன பெரிய மகான், அவுலியா எண்டெல்லோ நெனச்சிட்டுப் போனன்!"

கக்கத்தில் கையைக் கொடுத்து, நெல்மூட்டையைத் தூக்குவது போல் தூக்கினார். எனக்கு உயிர் போய் வந்தது. சுவரோடு சாய்த்து உட்கார வைத்துவிட்டு முழங்காலைத் தேய்த்துவிட்டார். என் கண்ணீரைக் கண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "மருந்து எடுக்கிறயா?" என்று கேட்டார். நான் குனிந்து சாரத்தை இழுத்துவிட்டேன். அதுவே பதிலாகிவிட்டது. என் ஓட்டோவிலேயே என்னை ஏற்றி, அவரே ஓட்டிக்கொண்டு வீட்டில் விட்டார். பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் பெண்கள் பாணுக்குக் கை காட்டினார்கள்.

நசீமா ஒன்றும் கத்தவில்லை. கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த குளிசைப் பெட்டியை எடுத்துத் தூசியைத் தட்டினாள்.

"நீங்க கேட்டீங்க, அவன் தந்தான். தந்ததத் தூக்கி மேல வெச்சிட்டு, மறுகாவும் தா தா எண்டு கேட்டா அவன் என்னதான் செய்ற?"

பள்ளிவாசலில் எத்தனையோ பயான், பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எதுவும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

திரும்பவும் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் அம்மா, "மழை விட்டா குடைய வாவியில வீசுவீங்களா?" என்று கேட்டார். ஏச்சு முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கினார்.

இப்போது என் நாள் இப்படிப் போகிறது. சுபஹுக்கு முன் நசீமா ஒரு பேசினில் இளஞ்சூட்டு வெந்நீர் வைப்பாள். அதில் கையை வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடித்து நீட்டுவேன். முன்பு தலையணையில் அழுத துஆவை இப்போது அந்தத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு கேட்கிறேன். ஓட்டோக் கைப்பிடியில் தடித்த றப்பர் சுற்றியிருக்கிறேன். பாணை நான் தூக்கிக் கொடுப்பதில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிடுவேன், சனங்களே எடுக்கிறார்கள். பெரிய பாணாகப் பார்த்து எடுக்க முடிவதால் வியாபாரமும் கூடிவிட்டது. பின்னேரம் வாவிக்கரையோரம் நடப்பேன். வீக்கம் வருகிற நாளில் நடக்காமல் ஓய்வெடுப்பேன், வீரம் காட்டுவதில்லை.

பள்ளிவாசலில் கதிரையில் உட்கார்ந்து தொழுதேன். முதல் நாள் வெட்கமாக இருந்தது. பிறகு பார்த்தால் அந்தக் கதிரை வரிசையில்தான் நல்ல நல்ல கதை. இஸ்மாயில் காக்கா கதிரை இல்லாமலே எனக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்.

போன நோன்பு மாதத்துக்கு முன், கதிரை இல்லாமல் தொழலாமா என்று டொக்டர் அம்மாவிடம் கேட்டேன். "வலி இல்லாட்டிக் குனிஞ்சு பாருங்க" என்றார். ஒரு சுபஹில் கதிரையைத் தள்ளி வைத்தேன். சுஜூதுக்குப் போனேன். நெற்றி தரையைத் தொட்டது. அந்தப் பழைய பயம் வந்தது. இமாம் அல்லாஹு அக்பர் என்றார். முழங்கால் முனகியது, கை ஊன்றியது, நான் எழுந்தேன். யாரும் தூக்கவில்லை. பக்கத்தில் இஸ்மாயில் காக்காவின் வலக்கை மட்டும் என்னைப் பிடிக்கத் தயாராகக் கொஞ்சம் விலகி நின்றது. தொழுகையில் ஓரக்கண்ணால் பார்ப்பது சரியில்லை. பார்த்தேன். அல்லாஹ் மன்னிப்பான்.

நோய் போகவில்லை. என்னோடுதான் இருக்கிறது. ஆனால் ஓட்டோவை ஓட்டுவது நான், அது பின்னால் இருக்கிறது. சில நாள் கதிரை, சில நாள் தரை. எல்லா நாளும் பாண் போகிறது. சாரத்தை நானே கட்டுகிறேன், அல்ஹம்துலில்லாஹ்.

என்னைப் போல வலியை மறைத்துக்கொண்டு இருக்கிறவர்களே, கேளுங்கள். அல்லாஹ்விடம் கேட்கிறதை நிறுத்தாதீர்கள். அவன் தருவான். ஆனால் அவன் தருவது குளிசையாக வரலாம், கதிரையாக வரலாம், ஏசிக்கொண்டே உள்ளே வருகிற ஒரு மனிதராகவும் வரலாம். வந்தால் அலுமாரிக்கு மேல் வைத்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எழுந்து நின்று சொன்னேன். அல்லாஹ் எனக்காக இஸ்மாயில் காக்காவை அனுப்பினான் என்று முடித்தேன். பலர் கண்ணைத் துடைத்தார்கள். வெளியே வந்தேன். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இஸ்மாயில் காக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் பேசினாய். ஆனா அண்டைக்கு நான் வந்தது ஒனக்காக இல்ல. பாணுக்கு."