கொடுத்தேனா, இல்லையா

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் பொழுதுபட்டால் வீட்டுக்கு வீடு ஒரு போன் பேசிக்கொண்டிருக்கும். கனடாவில் காலை நேரம் அது. இங்கே நான் குசினி ஜன்னலில் ஊறுகாய்ப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு இடியப்பம் பிழிவேன். அங்கே தங்கை பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுவாள். பேச ஒன்றும் இருக்காது. ஆனாலும் வீடியோ கோலை வெட்டமாட்டோம். வெட்டினால் என்ன கோபமோ என்று மற்றவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். கடல் கடந்து போனவளுடன் ஒரே குசினியில் நிற்கிற மாதிரி ஒரு நினைப்பு. அதில் எனக்கு ஒரு பிழையும் தெரிந்ததில்லை.

என் கணவருக்கு இருதயத்தில் ஒரு வால்வு பழுதாகி, செயற்கை வால்வு வைத்திருக்கிறார்கள். அதில் இரத்தம் உறைந்து அடைத்துவிடக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு நாளும் மாலையில் ஒரு குளிசை. குறைந்தால் உறையும். கூடினால் உள்ளே எங்காவது கசியும். வீட்டுக்கு விடும்போது டொக்டர் இதை அவரிடம் சொல்லாமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. நான் கணித ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்து, வெளியில் என்ன பார்வை, கரும்பலகையைப் பார் என்று அதட்டியவள். அவுஸ்திரேலியாவில் இருக்கிற மகன், நாளுக்கொரு அறை வைத்த குளிசைப் பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பினான். இதெல்லாம் மறதிக்காரருக்கு என்று சொல்லி, அதற்குள் சட்டைப் பொத்தான்களைப் போட்டு வைத்தேன்.

சாமி விளக்கேற்றிய கையோடு குளிசை கொடுப்பது என் வழக்கம். அன்றும் விளக்கேற்றினேன். தங்கை கோலில் இருந்தாள், தன் மகள் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகப் போகிறாளாம் என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தேற்றிக்கொண்டே சொதியை இறக்கினேன், முன்கதவைத் திறந்து தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்தவருடன் சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசினேன், திரும்பவும் தங்கையைத் தேற்றினேன். சாப்பிட்டு முடிந்து மேசையைத் துடைக்கும்போதுதான் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் ஒரு வெறும் டம்ளரைக் கண்டேன். அது குளிசைக்குக் கொடுத்த தண்ணீரா, வெறும் தாகத்துக்குக் கொடுத்த தண்ணீரா?

அவரிடம் கேட்டேன். அவர் ரீவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தந்தனீர் எண்டுதான் நினைக்கிறன்."

"நினைக்கிறீங்களோ, தெரியுமோ?"

"நீர் கையில தந்தால் நான் வாயில போடுறனான். அதை ஆர் பாத்துக்கொண்டிருக்கிறது?"

உடனே தங்கையைத் திரும்பப் போனில் எடுத்தேன். அவள்தான் முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தவள் ஆயிற்றே. தான் கண்ணால் கண்டதாக அடித்துச் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் ரீச்சர் புத்தி விடவில்லை. அத்தான் அப்போது எங்கே இருந்தார் என்று கேட்டேன். கட்டிலில் என்றாள். மத்தியானத்துக்குப் பிறகு அவர் கட்டில் பக்கமே போகவில்லை. அதைச் சொன்னதும் அவளுடைய குரல் இறங்கிவிட்டது.

"அப்ப அது நேற்றோ தெரியேல்லை அக்கா. எல்லா நாளும் ஒரே மாதிரித்தானே கிடக்கு."

குளிசையை எண்ணிப் பார்க்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். ஒரு நாள் முழுசு, மறுநாள் பாதி என்று மாறி மாறி வருகிற குளிசை. கத்தியால் உடைக்கும்போது சில தூளாகிவிடும், எறிந்துவிடுவேன். எண்ணினேன்தான். கணிதம் படித்தவளுக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை.

ஒரு கையில் குளிசை, மறுகையில் தண்ணீர் என்று அவருக்கு முன்னால் நின்றேன். கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, ஆள் மாறி ஆள் மாறி, ஒரு டொக்டர் கிடைத்தார். சந்தேகம் என்றால் திரும்பக் கொடுக்கவேண்டாம், காலையில் இரத்தம் சோதிக்கக் கொண்டுவாருங்கள் என்றார். அன்றிரவு நான் தூங்கினேன் என்று சொன்னால் பொய். காலையில் சோதித்தார்கள். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நேரக் குளிசை தவறியிருந்தாலும் இவ்வளவு கெதியில் தெரியாது என்று டொக்டர் சொன்னார். அதனால் கொடுத்தேனா இல்லையா என்பது இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அவர் பிழைத்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்குத்தான் என் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைக் கேட்டால் சிரிப்பீர்கள். பெட்டியிலிருந்த பொத்தான்களைக் கொட்டிவிட்டுக் குளிசைகளை அடுக்கினேன். பெட்டி காலியாக இருந்தால் நான் எடுத்தேன் என்று தெரியும். அவர் விழுங்கினார் என்று எப்படித் தெரியும்? அதையும் நினைத்து நினைத்துப் பயந்தேன். மனத்தை ஒருமுகப்படுத்த மூச்சைக் கவனியுங்கள் என்று போனில் ஒரு தம்பி வகுப்பு நடத்துகிறான். கண்ணை மூடி மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தால் நடுவில் சீமெந்து விளம்பரம் வந்து தூக்கிப்போடும். மூச்சைக் கவனிக்கிற நேரத்திலும் காஸ் அடுப்பை நிற்பாட்டினேனா என்றுதான் மனம் ஓடியது. காஸை நிற்பாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால், கதவைப் பூட்டினேனா?

பிறகு எனக்குத் தெரிந்த வழிக்கே வந்தேன். வகுப்பில் சத்தம் இருந்தால் பாடம் ஏறாது. ஆகவே விளக்கேற்றும் நேரத்தில் போன் அலுமாரிக்குள் போகும், ரீவி நிற்கும், ஜன்னல்கள் பூட்டப்படும். அவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, குளிசையைக் கையில் கொடுத்து, அவர் விழுங்கும்வரை கழுத்தையே பார்ப்பேன். தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இருக்கட்டும் என்று விட்டேன். முதன்முதலாக அன்றைய குளிசை கொடுத்தாயிற்று என்று நிச்சயமாகத் தெரிந்தபோது எனக்கு அழுகையே வந்தது.

ஆனால் அவர் மாறிப்போனார். விளக்கேற்றும் நேரம் நெருங்கினால் கதிரையில் நெளிவார். விழுங்கிய கையோடு ரிமோட்டை எடுத்து, பக்கத்து பிளட் வீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரி ரீவியைப் போடுவார். இந்த மனிசனுக்காகத்தானே இவ்வளவு பாடுபடுகிறேன், இரண்டு நிமிடம் சத்தமில்லாமல் இருக்க முடியாதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஒருநாள் ரிமோட்டைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டேன். குளிசையை விழுங்கினார். கடற்கரையோரம் ஒரு ரயில் போய் முடிந்தது. பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அப்போது எனக்குக் கேட்டது. சின்னதாக, மலிவான கைக்கடிகாரம் ஓடுகிற மாதிரி. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன், அது நின்று கனகாலம். எழுந்து நாலு பக்கமும் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தபடி இருந்தார்.

"தேடாதையும். அது என்ரை நெஞ்சுக்குள்ள."

செயற்கை வால்வு திறந்து மூடுகிற சத்தம். எப்போதிருந்து கேட்கிறது என்று கேட்டேன். வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே என்றார். வந்த கிழமையே எனக்குச் சொன்னாராம். நான் போனில் இருந்தேனாம், பிறகு சொல்லுங்கோ என்று கையைக் காட்டினேனாம். அது எனக்கு ஞாபகமில்லை. அவருக்கு ஞாபகம் இருந்தது. சத்தமில்லாத இடத்தில் இருந்தால் அதை எண்ணத் தொடங்கிவிடுகிறாராம், எண்ணத் தொடங்கினால் அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருக்கிறதாம். அதற்காகத்தான் ரீவி.

நான் குளிசைக்குப் பயந்துகொண்டிருந்த அத்தனை நாளும் அவர் எனக்குப் பக்கத்திலேயே இருந்து இதற்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர் மேல் கோபமாகவும் இருந்தது. திரும்ப ஒருதரம் சொல்லியிருக்கலாமே. அலுமாரிக்குள் போன் அடித்தது, தங்கையாகத்தான் இருக்கும். நான் ரிமோட்டை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனக்கு ஒரு பயம்தான்," என்றார். "நித்திரையில இது நிண்டால் எனக்குத் தெரியாது. ஆர் கேக்கிறது?"

கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டேன்.

"நான் கேக்கிறன்," என்றேன்.