யார் எந்தப் பக்கம் போனார்கள்

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் என்னென்ன விழும் என்று கேட்டால் சாப்பாட்டு நேரத்தில் அவள் பதில் சொல்லமாட்டாள். பிஸ்கட் தூள், நகத்துண்டு, தலைமுடி. ஒருமுறை யாரோ மென்று ஒட்டிவைத்த சூயிங்கம். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர்கள் இதற்கெல்லாம் பழகிவிடுவார்கள் என்பார்கள். அவள் பழகவில்லை. எந்த சீட்டுக்குப் போனாலும் முதலில் பையிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் வெளியே வரும். துடைத்த பிறகுதான் விரல் வைப்பாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குச் 'சுத்தம்' என்று பெயர். "சுத்தம், என் மெஷின் தொங்கிப்போச்சு!" என்று மேல்மாடியிலிருந்து கத்துவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதுதான் நிஜப்பெயர் என்று நினைத்துக்கொண்டு 'சுத்தம் மேடம்' என்பார்கள். அவளும் திருத்துவதில்லை.

இத்தனைக்கும் அவள் கணவர் பல் செட் செய்பவர். வீட்டில் சமையலறையை ஒட்டிய மேஜை முழுக்க ஊரார் வாயின் அச்சுகள் இளித்துக்கொண்டு கிடக்கும். அதில் அவளுக்கு ஒரு கூச்சமும் கிடையாது. "அது மாவுக்கட்டு. கழுவினா போயிடும்" என்பாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு புகார் மையத்தில். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் வாங்கியவர்கள் போன் செய்து திட்டுவார்கள். இங்கே காதில் ஹெட்போன் மாட்டிய ஆட்கள் "மன்னிக்கணும் சார்" என்று சொல்லிக்கொண்டே பிரவுசரில் புகாரைப் பதிவார்கள். புகார் பதியும் அந்த இணையதளம் திடீரென்று நத்தையாகிவிட்டது. ஒரு புகாரைச் சேமித்து அடுத்ததற்குப் போவதற்குள் போனில் இருப்பவர் இரண்டு சுற்று திட்டி முடித்துவிடுவார். தளம் நன்றாகத்தான் இருக்கிறது, இவர்கள் சோம்பேறித்தனத்துக்குச் சாக்குச் சொல்கிறார்கள் என்றார் மேனேஜர்.

சுத்தத்துக்கு அது பொறுக்கவில்லை. பிரவுசரோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் எழுதினாள். அதற்கு ஒரே வேலைதான்: பிரவுசர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போதெல்லாம் குறித்துவைப்பது. எப்போது கிளம்பியது, எப்போது வந்து சேர்ந்தது, வழியில் கவிழ்ந்ததா. லிங்க்கை அழுத்திப் போனார்களா, முகவரியைத் தட்டிப் போனார்களா, பின்னால் திரும்பினார்களா, பொறுமை இழந்து மறுபடி ஏற்றினார்களா என்பதுகூட அதற்குத் தெரியும். எழுதுவதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது. ஒரு பக்கத்துக்குள்ளேயே குட்டிக் குட்டிப் பக்கங்கள் ஒளிந்திருக்கும். அவையும் 'நானும் வந்துட்டேன்' என்று கை தூக்கும். அவற்றையெல்லாம் வாயை மூட வைத்தாள். சில இடங்களில் பக்கம் புதிதாக வராமல் முகவரி மட்டும் நைசாக மாறும், அதையும் பிடித்தாள்.

விடை கிடைத்தது. 'சேமி' பட்டனை ஒருமுறை அழுத்தினால் பக்கம் ஒருமுறை வந்து, பின் முதலிலிருந்து இன்னொருமுறை வந்தது. கோளாறு தளத்தில்தான். அதைச் சரிசெய்ததும் வேகம் வந்தது. மேல்மாடியில் அன்று அவளுக்குக் கைதட்டினார்கள். குறிப்பாக ஜன்னலோர சீட்டில் இருந்தவள், "அக்கா, நீங்க தெய்வம்" என்றாள். அவளுக்குக் 'குரல்' என்று பெயர். எவ்வளவு கொதித்துப்போய் போன் செய்தவரும் அவள் பேசினால் கடைசியில் நன்றி சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். ஆளைப் பார்த்தால் இப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்த மாதிரி இருப்பார்.

"அப்போ இதுக்கு யார் எந்தப் பக்கம் போறாங்கன்னு தெரியும், இல்லையா?"

"நம்ம தளத்துக்குள்ள மட்டும் சார். வெளியில போனா கண்டுக்காது. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"அந்த 'மட்டும்'ஐ எடுத்துடுங்க."

"எதுக்கு சார்?"

"வேலை நேரத்துல யார் எங்க மேயறாங்கன்னு தெரிய வேணாமா? நம்ம மெஷின், நம்ம லைன். யார் வீட்டுக்குள்ளயாவது எட்டிப் பாக்கறோமா என்ன?"

ஒரே ஒரு வரிதான். அதை அழிக்கப் பத்து விரலும் தேவைப்படவில்லை. முதல் நாள் கைதட்டல் வேறு இன்னும் காதில் இருந்தது. வெளியில் யாராவது இப்படி ஒன்றைப் போட்டுக்கொள்ளப் போனால், 'இது உங்கள் நடமாட்டத்தைப் படிக்கும், சம்மதமா?' என்று பிரவுசரே கேட்கும். இங்கே எல்லா மெஷினும் அவள் கைப்பிடியில். தன் இடத்தில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டாள். யாரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மதியம் அவளுக்கு மேனேஜர் அறையில் வேலை. அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பொரித்த கோழியைக் கடித்தபடியே, "போடுங்க பாக்கலாம்" என்பார். இவள் திரையில் ஒவ்வொரு சீட்டாகத் திறக்க வேண்டும். முதலில் செருப்புக் கடை, விளையாட்டு ஸ்கோர் என்று சப்பென்றுதான் இருந்தது. பின்னர் அவருக்கு ருசி கண்டுவிட்டது. வாசல் பக்கத்து சீட்டுக்காரர், ஆறடி உயர மீசைக்காரர், மூக்குக்குள் முடி எடுப்பது எப்படி என்று தேடியிருந்தார். மேனேஜர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சுத்தமும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் வாயில் ஏதோ புளித்த மாதிரி இருந்தது. தண்ணீர் குடித்தாள், போகவில்லை.

அடுத்த வாரம் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் முறை. அழுத பிறகு குரல் கம்மாமல் பேசுவது எப்படி என்று அவள் தேடியிருந்தாள். "இது ஒண்ணு! அழறதுக்கும் கோச்சிங் வேணும் போல" என்றார் மேனேஜர். சுத்தம் அந்தப் பக்க வரிசையைச் சட்டென்று மூடப்போனாள். "இருங்க, இருங்க" என்று அவர் எட்டி வந்து திரையிலேயே விரலால் தொட்டுக் காட்டினார். கோழி எண்ணெய் கண்ணாடியில் பட்டையாகப் படிந்தது. அந்தப் பட்டைக்கு அடியில் அந்தப் பெண் போய்வந்த பக்கங்கள் மங்கலாகத் தெரிந்தன.

அன்று மாலை வீட்டில் அவள் சாப்பிடவில்லை. கணவர் ஒரு பல் செட்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே விசாரித்தார். சொன்னாள்.

"அந்த ஆளுக்கு எப்பவாவது பல் போனா எங்கிட்ட அனுப்பு. தண்ணி மட்டும் குடிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றேன்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நானும் கூட உக்காந்து பாத்தேங்க" என்றாள். அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

விட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். அடுத்த வெள்ளியும் போனாள். அன்று திறந்தது ஜன்னலோர சீட்.

குரல் வேலை நேரத்தில் எங்கும் போகிறவள் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் மட்டும் போயிருந்தாள். முதல் மாதத்து அறிகுறிகள் என்று ஒரு பக்கம். அங்கிருந்து பின்னால். இரண்டாம் மாதம் ரத்தம் படுவது சகஜமா என்று அவளே தட்டித் தேடியது. அந்தப் பக்கத்தை மறுபடி ஏற்றியிருக்கிறாள். மறுபடியும். பதில் மாறிவிடாதா என்று பார்த்திருக்கிறாள் போல. அப்புறம் ஒரு மருத்துவமனையின் பக்கம். அது வந்து சேர்வதற்குள்ளேயே திரும்பிவிட்டிருந்தாள். கிளம்பியது, கவிழ்ந்தது, திரும்பியது எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன. எழுதிய கை அவ்வளவு நறுவிசு.

மேனேஜர் எலும்பை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தார். "அடடா, விஷயம் இப்படிப் போகுதா? அடுத்து லீவுன்னு வந்து நிப்பா. குடோன் கவுண்டர்ல ஆள் இல்லன்னு சொல்லிட்டே இருக்காங்க. அங்க மாத்திடுவோம்."

"சார், அங்க நாள் பூரா நிக்கணும். திரும்பி வர்ற மெஷினை நகர்த்தணும்."

"அதனால என்ன? முடியலன்னா அவளே எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவா. நாம ஒண்ணும் போகச் சொல்லலையே." ஒவ்வொரு விரலாக வாயில் விட்டு நக்கித் துடைத்துக்கொண்டார்.

அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று வெளியே ஓடி, பெண்கள் கழிவறையில் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்து நிமிர்ந்தால், கண்ணாடியில் பின்னால் குரல் நிற்கிறாள்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா? உக்காருங்க. தண்ணி கொண்டு வரட்டுமா?" என்று முதுகைத் தடவினாள்.

இனி மறைக்க முடியாது என்று சுத்தத்துக்குத் தோன்றியது. எக்ஸ்டென்ஷன் என்ன செய்கிறது, அறையில் என்ன நடக்கிறது, குடோனுக்கு மாற்றப் போவது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். முதுகில் இருந்த கை நின்றது. பிறகு விலகியது.

"நீ படிச்சியா?"

முதல்முறையாக 'நீ' என்றாள்.

"அவர்தான் படிக்கச்..."

"அவனைக் கேக்கல. நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"என் புருஷனுக்கே இன்னும் சொல்லல. போன தடவை மாதிரி ஆயிடுமோன்னு பயந்துக்கிட்டு யாருக்கும் சொல்லல. நீ படிச்சிருக்க. அவன் கோழி தின்னுட்டே படிச்சிருக்கான்." குழாயைத் திறந்து, சுத்தத்தைத் தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஊரையே சமாதானப்படுத்துகிற அந்தக் குரல் இப்போது தகரம் மாதிரி இருந்தது. "எங்கிட்ட மட்டும் சொல்லி நல்லவளாயிடலாம்னு பாக்காத. மேல இருக்கறவங்களுக்கும் சொல்லு."

சுத்தம் மேலே போனாள். ஒரு கூட்டம் கிளம்பி அடுத்த கூட்டம் வந்து உட்காரும் நேரம் அது, எல்லோரும் இருந்தார்கள். சுவரில் அன்றைய புகார் எண்ணிக்கை காட்டும் பெரிய திரையைத் தன் மெஷினோடு இணைத்தாள். தன் சொந்த வரிசையைத் திறந்தாள். காலையிலிருந்து அவள் போன பக்கங்கள் எல்லோர் முன்பும் வந்து நின்றன: மகளின் பள்ளி, கறை போக்கும் வழி, முட்டி வலிக்கு என்ன செய்வது, மேனேஜர் மேல் எங்கே புகார் கொடுப்பது.

"இது என்னோடது. இதே மாதிரி உங்க எல்லாரோடதும் இருக்கு. எழுதினது நான். தளம் ஏன் லேட்டாகுதுன்னு பாக்கத்தான் எழுதினேன். அப்புறம் மேனேஜர் கேட்டார்னு எல்லாத்தையும் பிடிக்கிற மாதிரி மாத்தினேன். வாராவாரம் அவர் ரூம்ல உக்காந்து ரெண்டு பேரும் பாத்தோம்."

ஹெட்போன்களில் யார் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்ல ஆளில்லை.

"என்னோடதும் பாத்தீங்களா?" என்றார் மீசைக்காரர்.

"பாத்தேன்."

அவர் முகம் சிவந்து, மூக்கைத் தொடப்போய்க் கையை இறக்கிக்கொண்டார். புதிய பெண் மேஜையில் கவிழ்ந்துகொண்டாள். யாரும் கைதட்டவில்லை. "சீ" என்று ஒருவர் சொன்னார். அது மேனேஜருக்கா, அவளுக்கா என்று அவளுக்கு விளங்கவில்லை. சத்தம் கேட்டு மேனேஜர் மேலே வருவதற்குள் எல்லா மெஷினிலிருந்தும் எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டாள். அன்றே அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

மீசைக்காரர் எல்லோரையும் திரட்டித் தலைமை அலுவலகம்வரை போனார் என்று பின்னால் தெரிந்தது. விசாரித்தார்கள். மேனேஜரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அங்கே இதைவிடப் பெரிய அறையாம். குரல் ஜன்னலோர சீட்டிலேயே இருந்தாள். சில மாதங்களில் அலுவலகமே இப்படிக் கண்காணிக்க வெளியிலிருந்து ரெடிமேடாக ஒன்றை வாங்கிவிட்டது. கலர் கலராகப் பட்டை காட்டுமாம். தினமும் உள்ளே நுழையும்போது 'சம்மதிக்கிறேன்' என்று அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் வேலை, ஆகவே அழுத்துகிறார்கள்.

குரலுக்குப் பெண் குழந்தை பிறந்ததையும் மீசைக்காரர்தான் ஒருநாள் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னார். சுத்தம் போய்ப் பார்க்கவில்லை; கூப்பிடாத வீட்டுக்குள் நுழைய அவளுக்குக் கால் வரவில்லை.

இப்போது அவள் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பழுது பார்க்கிறாள். அந்தத் தெரு முழுக்க அதே மாதிரிக் கடைகள். ஒருநாள் நல்ல சட்டை போட்ட ஒருவர் லேப்டாப்பை மேஜையில் வைத்தார். மூடியில் பூப்போட்ட ஸ்டிக்கர்.

"இது என் ஒய்ஃபோடது. பிரவுசர்ல ஏதோ எக்ஸ்டென்ஷன் போட்டா, அவ எந்தெந்தப் பக்கம் போறான்னு எனக்கு வருமாமே? அவ நல்லதுக்குத்தான்."

"செய்யமாட்டேன்."

"வேற கடையில செஞ்சுக்கறேன்" என்று அவர் பதமாகவே சொல்லிவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நேராக எதிர்க்கடைக்குள் நுழைந்தார்.

சுத்தம் ஸ்க்ரூடிரைவரைப் போட்டுவிட்டு, வண்டிகளுக்கு நடுவே தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குள் போனாள். உள்ளே கூட்டம் இருந்தது.

"அண்ணே, அது இவரோட மெஷின் இல்ல, இவர் மனைவியோடது" என்று கடைக்காரரிடம் உரக்கச் சொன்னாள். "அவங்களுக்குத் தெரியாம அதுல என்ன போடச் சொல்றார்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி அவரையே சொல்லச் சொல்லுங்க."

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் காது மடல் வரை சிவந்தது. லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கினார். "வியாபாரத்தைக் கெடுக்கறியேம்மா" என்றார் கடைக்காரர். ஆனால் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

அவர் தெருமுனையில் இருந்த கடைசிக் கடையையும் தாண்டும்வரை சுத்தம் படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.