வெங்காயப் பூசணமும் அக்காவின் நெஞ்சும்

ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்கள் பட்டறையில் சேமித்து வைத்திருந்த சின்ன வெங்காயத்தில், அடைமழைக்குப் பிறகு கரியைத் தடவினது மாதிரி பூசணம் ஏறிவிட்டது. குடும்பமாக உட்கார்ந்து நல்லது கெட்டது பிரித்தோம். துடைத்தால் தொலி உரிந்து விலை இறங்கும் என்று, கைப்பிடி கைப்பிடியாக அள்ளி வாயால் ஊதிவிடுவது எங்கள் வழக்கம்.

"சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்பார் அத்தான்.

"ஊதாம உக்காந்திருக்க உங்களுக்கு இது ஒரு சாக்கு" என்பாள் அக்கா.

அந்த அக்காதான் ஒருநாள் இருமலோடு ரத்தம் துப்பினாள்.

திண்டுக்கல்லில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, நுரையீரலில் பூசணம் வேர்விட்டிருக்கிறது, இன்னும் பரவினால் உயிருக்கே ஆபத்து என்றார். வேறு மாத்திரை ஏதும் உண்டா என்று கேட்டார். மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாகவே வாங்கி வருசக்கணக்காகத் தின்ற ஸ்டீராய்டு மாத்திரையை அக்கா எடுத்துக் காட்டினாள்.

எனக்குத் தாங்கவில்லை. "அம்புட்டு பேரும் அதே தூசியத்தானே இழுத்தோம்? எனக்கு ஒண்ணுமில்லையே!"

"உங்களுக்குள்ளயும் போச்சுண்ணே. இந்த ரூம்லயும் போய்ட்டுத்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

பூசண வித்துகளில் பாதி வழியிலேயே சளியில் ஒட்டி வெளியேறுமாம். தப்பி ஆழத்துக்குப் போவதை, அங்கே ரோந்து சுற்றும் செல்கள் விழுங்கிச் செரித்துவிடுமாம். உறையைப் போர்த்தித் தூங்கும் வித்து லேசில் அடையாளம் தெரியாது. ஈரம் கண்டு உப்பி, உறையைக் கிழித்து முளைக்கப் பார்த்ததோ, மாட்டிக்கொண்டது. ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்கள் படையாக வந்து முளையை அழிக்கும். வேலை முடிந்ததும் கலைந்தும் போகவேண்டும். இல்லாவிட்டால் அந்தப் படையே நுரையீரலைப் புண்ணாக்கிவிடும், வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அக்காவின் மாத்திரை அந்தக் காவலைச் சோர்ந்துபோக வைத்திருந்தது.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றேன். கத்துகிற கண்டக்டர், பூக்கட்டுகிற அம்மா, தோளில் தூங்குகிற பிள்ளை. இத்தனை நெஞ்சுக்குள்ளும் இந்த நிமிசம் அந்தக் காவல் நடக்கிறது, ஒருத்தருக்கும் சேதி தெரியாமல்!  

பூசணத்துக்கு மாசக்கணக்கில் மருந்து ஓடியது. பழைய மாத்திரையை டாக்டரம்மா கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்தார். அடுத்த ஸ்கேனில் பூசணம் பிடித்த வெள்ளைத் திட்டு பாதியாய்ச் சுருங்கியிருந்தது.

"எங்காளுக காவல் வேலைக்கு வந்துட்டாகளா?" என்றாள் அக்கா.

"வந்துட்டாங்கம்மா" என்று டாக்டரம்மா சிரித்தார்.

வீடு திரும்பினால், பட்டறையில் அத்தான் ஒரு கை வெங்காயத்தை ஊதப்போனார். மாஸ்க்கோடு தள்ளி நின்றே அக்கா கத்தினாள்:

"ஏங்க, ஊதாதீக! நெஞ்சுக்குள்ள இருக்கிறவுகளும் செத்த நேரம் உக்காரட்டும்."