பேத்திக்கு ரெண்டு கார்டு

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்தது நாலு பிள்ளைகளையும் ஒரு பேத்தியையும்.

பேத்தி கேம் விளையாடும் கம்ப்யூட்டருக்குக் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு வாங்கித்தர அவளைச் சிவகாசிக்குக் கூட்டிப்போனேன். பெண்பிள்ளைக்கு வளையலைக்கூட ஒற்றையாகக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. "ரெண்டாக் குடுங்க, வேகமா ஓடும்" என்றேன். பேத்தியும் சரியென்று தலையாட்டினாள்.

கடைக்காரர் சிரித்தார். "அதே காசுக்குச் சின்னதா ரெண்டு வாங்குறதுக்கு, நல்லதா ஒண்ணு போதும் ஆச்சி. இப்ப வர்ற கேமெல்லாம் ரெண்டாவதைத் தொடாது. ஒட்டி இருந்தா சூடுதான் ஏறும்."

சூடு என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. பட்டாசு ஆலையில் மேற்பார்வை பார்த்த காலத்தில், மருந்து அறையில் ஆட்களை நெருக்கி உட்காரவிடாதவள் நான்.

"ஏத்தா, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் அப்பத்தா. ஆசையாக் கேட்டீக, அதான்."

என் மனம் நோகக்கூடாதென்று மட்டமானதையே வாங்கிக்கொள்ள இருந்திருக்கிறாள். ஒரே கார்டோடு பஸ் ஏறினோம். ஊர் வரும்வரை அவள் கையை நான் விடவில்லை.

நான் சொல்லச்சொல்ல எழுதிய பேத்தி நீதானே, இதை வாசித்துக் காட்டு கண்ணு. தப்பு இருந்தால் இந்தத் தடவை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.